தனி வீடு பார்க்கச் சொன்ன காரணம்

கண்ணு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நம் வீட்டுக் காற்றில் பிளாஸ்டிக் இருக்கிறது, அந்தக் காற்றுக்குள் ஒரு புதுப்பெண்ணைக் கூட்டிவர எனக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவுதான். சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், இல்லை சண்டைக்கு வந்திருப்பாய். இரண்டையும் நான் தாங்கியிருப்பேன். அதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கும் உன் அப்பாவுக்கும் ரசம் ஊற்றிக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்பறம் நீங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ஊடு பாத்துக்குங்க கண்ணு. இங்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். "ஏன் சித்தி?" என்று கேட்டாய். "சும்மாதான்" என்றேன். சும்மா யாராவது பிள்ளையை வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களா? உன் தட்டில் பாதிச் சோறு இருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சரிங்க சித்தி" என்றாய். இத்தனை வருடமாக என்னை "வா சித்தி, போ சித்தி" என்று கூப்பிட்ட பிள்ளை. நம் ஊரில் கறிவேப்பிலை விற்க வருகிறவரிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுகிறோம். வீட்டுப் பிள்ளையிடமிருந்து அது வரும்போதுதான் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கிறது.

இதை உன் கையில் கொடுக்கத்தான் எழுதுகிறேன். நீ சம்மதித்தால், பேர் எதுவும் போடாமல் ஒரு பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறேன். நான் எதையும் வெளியே சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் வெள்ளகோவிலைச் சுற்றி நம்மைப்போலவே நூல் மில் ஷெட்டையும் வீட்டையும் ஒரே காம்பவுண்டுக்குள் கட்டி வைத்துக்கொண்டு, அதே ஜன்னலைத் திறந்து தூங்குகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களில் யாராவது படிக்கட்டும். உன் வருங்கால மனைவியை இதில் கீர்த்தி என்று எழுதுகிறேன். அது அவள் பேர் இல்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது, நீ ஏழாம் வகுப்பு. உன்னைப் பெற்ற அம்மா டெங்கு காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொள்ளாச்சியில் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், இரண்டாம் தாரமாக வர என்ன காரணம் என்று அப்போது பலர் கேட்டார்கள். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை. அது எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும் உரியது. உனக்கும் எனக்கும் பதின்மூன்று வயதுதான் வித்தியாசம். அம்மா என்று கூப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உனக்கும் வந்திருக்காது. வந்த முதல் வாரம் முழுக்க நீ என்னிடம் பேசவில்லை. ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஷெட்டிலிருந்து வெளியே வந்தேன். சேலை, தலை, புருவம் எல்லாம் பஞ்சு. வாசலில் நின்றிருந்த நீ கம்ப்ரஸர் பைப்பை எடுத்து, "திரும்பி நில்லுங்க, ஏர் அடிச்சு உடறேன். எங்க மில்லுக்கு வாரவிய எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாய். முதுகில் காற்று சில்லென்று அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அதுதான். மற்ற வீடுகளில் விருந்தாளிக்குச் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். நம் வீட்டில் போகும்போது ஏர் அடித்து அனுப்புவார்கள். மறுநாளே நீ என்னிடம் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டாய். அந்தக் காற்றைப் போய் நான் எப்படிக் கெட்டது என்று சொல்வேன்? வாய் எழாமல் போனதற்கு அது பாதிக் காரணம்.

நான் வந்த காலத்தில் நம் ஷெட்டுக்குத் திருப்பூரிலிருந்து வந்த பனியன் வேஸ்ட், அதாவது வெட்டிக் கழித்த துணித் துண்டு, பெரும்பாலும் பருத்தி. பிய்த்துப் பஞ்சாக்கி நூலாகத் திரிப்போம். அந்தத் தூசியும் நல்லது இல்லை. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிற பஞ்சாலை நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பிறகு ஜனங்களின் உடுப்பு மாறியது. விளையாட்டுப் பனியன், வியர்வை ஒட்டாத டீசர்ட், இழுத்தால் நீள்கிற கால்சட்டை. அந்தத் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வர ஆரம்பித்தன. நீ படிப்பு முடித்து வந்ததும், எல்லோரும் ஒதுக்குகிற பாலியஸ்டர் வேஸ்ட்டை நாம் எடுக்கலாம் என்று சொல்லி அதற்கான மெஷினையும் போட்டாய். அது சரியான யோசனை. குப்பைமேட்டுக்குப் போக வேண்டியது உன்னால் நூலானது. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஷெட்டுக் காற்று மாறியதை நான் பார்த்தேன். மேலே ஷீட் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக இறங்குமே, அதில் பருத்தித் தூசி மிதந்தால் மங்கலாக இருக்கும். இது மினுமினுக்கிறது. ஏர் அடித்து முடித்து வெகுநேரம் ஆன பிறகும் அந்த மினுக்கு அந்தரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

எனக்குத் தூக்கம் வராவிட்டாலும் படிப்பேன், வந்தாலும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் தூங்குவேன். அப்படித்தான் சில மாதங்களுக்கு முன்னால் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். துணியிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் வண்டி டயரிலிருந்தும் உதிர்கிற பிளாஸ்டிக், கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் காற்றில் மிதக்கிறது. பல இடங்களில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம். மனித நுரையீரலின் ஆழத்திலேயே அதைக் கண்டிருக்கிறார்கள். உள்ளே போனதில் எவ்வளவு தங்குகிறது, தங்கியது என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. எரிச்சலும் வீக்கமும் உண்டாகலாம் என்கிறார்கள். துணுக்கோடு சேர்ந்து சாயமும் ரசாயனமும் உள்ளே போகலாம் என்கிறார்கள். ஏற்கெனவே மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் கூடுதலாகக் கவனமாக இருப்பது நல்லது என்கிறார்கள். செயற்கை இழைத் தூசிக்குள் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களில் சிலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது மட்டும் பழைய செய்தி, அதில் சந்தேகம் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன். பயமுறுத்துவது சுலபம். வகுப்பில் பிள்ளைகளைப் பயமுறுத்திப் பாடம் நடத்துகிற டீச்சர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

படித்ததோடு விட்டிருக்கலாம். உனக்காகவும் கீர்த்திக்காகவும் மேல் அறையைச் சுத்தம் செய்ய ஏறினேன். ஜன்னல் கட்டையில் வெள்ளையாக ஒரு படலம். துடைத்து எடுத்தேன், விரலில் உருண்டுகொண்டது. வேஸ்ட் வாங்கும்போது அப்பா ஒரு கிள்ளு எடுத்துத் தீக்குச்சியில் காட்டுவாரே. பருத்தியாக இருந்தால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டராக இருந்தால் உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டியாகும். நீயும் உன் மெஷின் வந்த புதிதில் எனக்கு அதைச் செய்து காட்டினாய். ஜன்னல் கட்டையில் எடுத்த அந்தப் பஞ்சைச் சமையல்கட்டில் கரண்டியில் வைத்துக் கொளுத்தினேன். கொஞ்சம் எரிந்தது, மிச்சம் உருகிக் கடுகாக நின்றது. தலையணை ஓரத்தில் எடுத்ததைக் கொளுத்தினேன், அதிலும் கடுகு. குளிர்சாதனப் பெட்டியின் தலையில் எடுத்ததிலும் அப்படியே. மூக்குக்குள் போகிறது இந்தப் பஞ்சு இல்லை, இதைவிடப் பொடி என்பது எனக்குத் தெரியும். பெரியது இவ்வளவு தூரம் மாடி ஏறி வந்திருந்தால் பொடி எங்கெல்லாம் போயிருக்கும் என்று கணக்குப் போட டீச்சர் வேலை தேவையில்லை. கரண்டியைத் தேய்த்து வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கீர்த்தி வீட்டார் அன்னூரிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அவள் அப்பா, அம்மா, அத்தை. காப்பி குடித்ததும் மில்லையும் பார்த்துவிடலாம் என்று எல்லோரையும் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாய். உன் மாமனார் வாழைத்தோட்டத்துக்காரர், வெள்ளை வேட்டியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னுங்க மாப்ள, மார்கழிப் பனியாட்டம் எறங்குது?"

"பனி இல்லீங்க மாமா. எல்லாம் டீசர்ட்டுங்க."

அந்த அத்தை சும்மா இருப்பாரா? "ஏனுங்க அம்மணி, மாடில ஒரு துணி காயப்போட்டா, சாயங்காலம் ரெண்டு துணியா எடுத்துட்டு வருவீங்களாட்ட இருக்குதே!" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சிரித்தேன். நீ முந்திக்கொண்டு, "ஏர் அடிச்சா போயிருமுங்க" என்று சொல்லி வாசலில் பைப்பை எடுத்தாய். மாமனார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நின்றார். "பாருங்க, போலீஸ்காரன் சோதனை போடறாப்ல நிக்கறத!" என்று அத்தை சொல்ல, உன் அப்பாகூட வாய்விட்டுச் சிரித்தார். கடைசியாகக் கீர்த்தி. அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாமுங்க" என்று பின்னால் நகர்ந்தாள். "தலையெல்லாம் வெள்ளை. கல்யாணத்துக்கு முன்னாடியே கெழவி ஆயிட்டீங்க" என்றாய். அவளுக்காக வால்வைத் திருகி வேகத்தைக் குறைத்து, பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஏர் அடித்தாய். எல்லோரும் கண்ணை மட்டும் மூடிக்கொள்வார்கள். அவள் வாயையும் இறுக்க மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். பழகின பிடிப்பு. அதை நான் பார்த்துவிட்டேன். 'பைப்பைக் கீழே வை கண்ணு' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சம்பந்திமார் முன்னால், சிரிப்பு நடுவில், உன் கையில் இருந்த பிரியத்தைப் பார்த்துக்கொண்டே அதை எப்படிச் சொல்வது?

அவளை மேல் அறையைக் காட்டக் கூட்டிப்போனேன். கதவைச் சாத்தியதும் பையிலிருந்து மூச்சிழுக்கிற மருந்தை எடுத்து வாயில் வைத்து அமுக்கினாள். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பயப்படாதீங்க அத்தை. சின்னதுல இருந்தே இழுப்பு. இப்பெல்லாம் அடிக்கடி வாரதில்லைங்க. மாப்ள ஊட்டுல யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு அம்மா சொன்னாங்க. உங்களப் பாத்தா பொய் சொல்லீட்டு வரக்கூடாதுன்னு தோணுச்சு" என்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். "அவருகிட்ட நானே சொல்லிக்கறேனுங்க. நீங்க சொல்லிப்போடாதீங்க." சொல்ல மாட்டேன் சாமி என்று கையைப் பிடித்துச் சத்தியம் மாதிரி சொல்லிவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஜன்னல் கட்டை இருந்தது. துடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி வெளுத்திருந்தது.

இப்போது பார். பெண் வீட்டார், சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பெண்ணின் மூச்சை மறைத்தார்கள். நான், சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று வீட்டின் காற்றை மறைத்தேன். கல்யாணப் பேச்சில் ஜாதகம் பார்க்கிறோம், தோட்டம் பார்க்கிறோம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். மூச்சைப் பற்றி இரண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் அவளுக்குக் கொடுத்த வாக்கு போகும். காரணத்தில் பாதியை, அதாவது மில்லை மட்டும் சொன்னால், உன் அம்மாவும் அப்பாவும் செங்கல் சுமந்து எழுப்பிய இடத்தை இரண்டாவதாக வந்தவள் குறை சொல்கிறாள் என்று ஆகும். அதனால்தான் காரணமே இல்லாமல் முடிவை மட்டும் சொன்னேன். முழுசாக மறைப்பது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு. காரணம் சொல்லாத சொல்லுக்குக் கேட்கிறவர்கள் காரணம் வைத்துவிடுவார்கள், அதுவும் கைக்கு எட்டுவதில் மட்டமானதாகப் பார்த்து.

உன் பெரிய அத்தைக்கு விஷயம் போனதும் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏ அம்மணி, ஊரு என்ன சொல்லும்னு நெனச்சியா? தாயில்லாப் பையன, மருமவ காலடி எடுத்து வைக்கறதுக்கு முன்னால சித்திக்காரி தொரத்தீட்டான்னுதான் சொல்லும். நா சொல்லல, ஊரு சொல்லும்" என்றார். ஊர் என்றால் முதலில் அவர்தான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது கீர்த்தியின் போன். "அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் வாரது உங்களுக்குப் புடிக்கலீங்களா?" என்றாள். என்ன பேச்சு இது என்றேன். அவள் சொன்னாள்: "அவருகிட்ட இழுப்பு விசயத்த அன்னிக்கு ராத்திரியே போன்ல சொல்லீட்டனுங்க. அதுக்கென்ன, பாத்துக்கலாம், சித்திக்கு மட்டும் தெரிய வேண்டாம்னாரு. உங்ககிட்ட முன்னாடியே சொன்னத நான் அவருகிட்டச் சொல்லலீங்க. இப்ப, சித்திக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, சீக்காளி மருமவ ஊட்டுக்குள்ள வேண்டாம்னுதான் தனியா போகச் சொல்றாங்கங்கறாரு."

அப்போதுதான் அந்த 'சரிங்க'வுக்கு அர்த்தம் புரிந்தது. நீ என் மேல் கோபப்பட்டது உனக்காக இல்லை, அவளுக்காக. கல்யாணத்துக்கு முன்பே அவள் பக்கம் நின்றாய். எனக்கு அழுகையும் வந்தது, ஒரு மாதிரி நிம்மதியும் வந்தது. நான் வளர்த்த பிள்ளை, பெண்டாட்டியின் இழுப்பைக் கேட்டதும் "அதுக்கென்ன" என்று சொல்கிறவனாக இருக்கிறான். ஆனால் கண்ணு, நானும் அதே பக்கம்தான் நின்றுகொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து அவளை விலக்கப் பார்க்கவில்லை. அவளிடமிருந்து இந்தக் காற்றை விலக்கப் பார்த்தேன். அவள் மூச்சைக் காப்பாற்ற நீ என்னிடம் மறைத்தாய், நான் உன்னிடம் மறைத்தேன், நடுவில் அவள் ஒருத்திதான் இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியில் கொளுத்தியது உட்பட. "நா முப்பது வருசமா இதுக்குள்ளதான் மூச்சு உடறேன். கல்லாட்டம் இருக்கறேன்" என்றார். "கல்லு தெனமும் காலைல எழுந்திரிச்சு அர மணி நேரம் இருமுமாங்க?" என்றேன். சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "சரி, ஊட்டுக்கு ஆகாத காத்து, உள்ள நிக்கற சனத்துக்கு ஆகுமா?" நான் அதுவரைக்கும் என் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை மட்டும்தான் நினைத்திருந்தேன். ஷெட்டில் நிற்கிறவர்கள் என் நினைப்பிலேயே இல்லை. அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவருக்கும் அப்போதுதான் தோன்றியது என்று நினைக்கிறேன். "அவங்கிட்டச் சொல்லீரு. நீ சொல்லாட்டி அவன் கண்டதையும் நெனச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் வாசலில் போய் நின்றேன். மாராத்தாள், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து இருக்கிறவள், பைப்பை எடுத்துத் தன் தலையிலும் மாரிலும் ஏர் அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவள் முதுகுக்கு இவள், இவள் முதுகுக்கு அடுத்தவள். அந்த வாசல் முழுக்கப் புகைமூட்டம் மாதிரி. எதற்கு இவ்வளவு நேரம் என்றேன். "ஊட்டுல சின்னக் கொழந்த இருக்குதுங்க அம்மணி. பஞ்சோட போயித் தூக்கக் கூடாதுங்க" என்றாள். முகமூடி தாடையில் தொங்கியது. மூக்குக்கு மேலே போடக் கூடாதா என்றால், "அதப் போட்டா எப்படிங்க பழமை பேசறது? மெஷின் சத்தத்துல அவ காதும் கேக்காது, என்ற வாயும் தெரியாது" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைக்கு ஒட்டக் கூடாது என்று உடம்பிலிருந்து கிளப்புகிறார்கள். கிளம்பியதை அங்கேயே நின்று இழுக்கிறார்கள். துணி சுத்தமாகிறது. துணிக்கு உள்ளே இருக்கிற ஆளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நம் தொழிலில் யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. சுத்தத்துக்காகத்தான் செய்கிறோம், மரியாதைக்காகவும்தான் செய்கிறோம். அதனால்தான் நிறுத்துவது கஷ்டம்.

உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. மெஷினைப் பற்றி என்னைவிட நீ படித்தவன். ஊதுவதை நிறுத்திவிட்டு உறிஞ்சி எடுக்க வழி பார். தூசி கிளம்புகிற இடத்திலேயே அதை இழுத்துப் பைக்குள் போடுகிற ஏற்பாடு பெரிய மில்களில் இருக்கிறது என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். தரையைப் பெருக்கச் சொல்லாதே, ஈரத்துணியால் துடைக்கச் சொல். நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்து, நீயும் போட்டுக்கொண்டு உள்ளே போ; முதலாளி மூக்கைத் திறந்துகொண்டு போனால் மற்றவர்கள் மூடமாட்டார்கள். ஒரே நாளில் முடியாது, முடிந்தாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. தனி வீட்டிலும் பாலியஸ்டர் திரைச்சீலை தொங்கும், பாலியஸ்டர் போர்வை இருக்கும். காற்றை முழுசாகச் சலித்து யாரும் மூச்சு விட முடியாது. நான் கேட்பது சுத்தமான உலகம் இல்லை. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

கல்யாணத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், வந்த நாள் முதல் இந்த வீட்டில் கவனமாகப் பேசியே பழகியவள் என்கிற உரிமையில். உன்னை நோகடித்துவிடுவேனோ என்று நான் விழுங்கியது ஏராளம். நீயும் எனக்காக விழுங்கியிருப்பாய். வெளியே அது அமைதியாகத் தெரியும். நம் வீட்டை எல்லோரும் சத்தமே இல்லாத வீடு என்று சொல்வார்கள், எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. நீயும் கீர்த்தியும் அப்படி இருக்க வேண்டாம். சத்தம் போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு மூச்சு அடைத்தால் அவள் உடனே சொல்ல வேண்டும், உனக்கு மனசு அடைத்தால் நீ சொல்ல வேண்டும். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போகாதே. என்னிடமும்தான். வேண்டுமானால் சத்தமாகக் கேள்: இந்த வீட்டில் என்னை இருக்க வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று கேள். நான் யார் என்பதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. நீ இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் நல்லதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள். மீதியை நீ முடிவு செய்துகொள்.

இதுவரைக்கும் எழுதியதைப் பங்குனியில் உன் கையில் கொடுத்தேன். படித்ததாக நீ சொல்லவில்லை. பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று வெகுநாள் கழித்துக் கேட்டபோது, "பின்னால நடந்ததையும் சேத்தி எழுது சித்தி, பாதில உடாத" என்றாய். சேர்க்கிறேன். வைகாசியில் கல்யாணம் நடந்தது. நீங்கள் இருவரும் காங்கயத்தில் வாடகை வீட்டுக்குப் போனீர்கள். நீ தினமும் வண்டியில் வந்து போகிறாய். ஆவணியில் வேஸ்ட் பிய்க்கிற பக்கத்தில் உறிஞ்சும் குழாய் போட்டாய், நூல் பக்கத்துக்கு இன்னும் போடவில்லை. முகமூடியைச் சிலர் போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. உன் பெரிய அத்தை இன்னமும் நான்தான் உன்னைத் துரத்திவிட்டேன் என்று சொல்கிறார். ஐப்பசி மழையில் கீர்த்திக்கு இழுப்பு வந்தது, காங்கயம் வீட்டில் வைத்தே. குளிரா, தீபாவளிப் புகையா, நீ சட்டையில் கொண்டுபோனதா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மழையில் அவள் அம்மா வந்து சேர மறுநாள் ஆனது. அதுவரைக்கும் நான் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ வெளியே மருந்துக் கடைக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டிருந்தாய். மூன்றாம் நாள் காலையில் அவளைக் காங்கயம் வீட்டுக்குக் கூட்டிப்போனோம்.